மனைவி நாற்காலியில் மேடம் எசாபா

1

இது கதையாகப் பிறந்ததில்லை. முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு நீங்கள் என்னைக் குறை சொல்ல முடியாது. ஒரு மனைவி தன் கணவரின் சவப்பெட்டிக்கு முன்னால் நின்று படிக்க வேண்டிய இரங்கலுரையாகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்த மனைவி அதைத் திருப்பித் தந்தார். திருத்தி எழுதினேன். அதையும் தந்தார். அடுத்த முறை கையில்கூட வாங்கவில்லை, "அங்க வெச்சிட்டுப் போ" என்றார். கேட்பாரற்றுக் கிடந்த அந்தத் தாள்களுக்கு வேறு போக்கிடம் இல்லாததால் கதையாகிவிட்டன.

எங்கள் கடற்கரை ஊரான கேப் கோஸ்ட்டில் யாராவது இறந்தால், தேவாலயத்தில் மனைவி படிக்கும் உரையை மனைவி எழுதுவதில்லை. எழுதத் தெரிந்த யாரையாவது பிடிப்பார்கள். பெரும்பாலும் என்னை. இந்த ஊரின் உத்தமக் கணவர்களில் பாதிப் பேர் என் தயாரிப்பு. "அவர் ஒருநாளும் குரல் உயர்த்திப் பேசியதில்லை" என்ற வரியை எத்தனை குடிகாரர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்கே நினைவில்லை. சபையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்ளும். செத்தவரைப் பற்றி உண்மை பேசுவது நாகரிகமில்லை. அதற்குத்தான் அவர் உயிரோடிருந்த காலம் முழுக்க நேரம் இருந்ததே.

நடிகர் எக்கோ பைடூவுக்கு மட்டும் என் கை ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்பதுதான் கதை. [இந்த வாக்கியம் கொஞ்சம் பெரிய மனுஷத்தனமாக இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.]

2

முதல் தொடக்கம்: "அன்று கடல் வழக்கத்தைவிட அமைதியாக"

அடித்துவிட்டேன். இந்தக் கரையில் யார் செத்தாலும் எழுதுகிறவர்கள் கடலை அமைதியாக்கிவிடுகிறார்கள். எக்கோ செத்த அன்று கடல் என்ன செய்தது என்று நான் பார்க்கவில்லை. மீன் பொரித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது தொடக்கம்: "நாட்டில் சோப்பு இல்லாமல் போன வருஷத்தில்"

இது பரவாயில்லை. இதிலேயே போகலாம்.

அப்போது ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தொலைக்காட்சியில் 'ஒரு குழாய் வீடு' என்று ஒரு நகைச்சுவைத் தொடர் வந்துகொண்டிருந்தது. கதை, வசனம் நான். நடுவில் முற்றம், சுற்றிலும் வாடகை அறைகள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே தண்ணீர்க் குழாய். அறைக்கு ஒரு குடும்பம், குடும்பத்துக்கு ஒரு சண்டை. சண்டைகளைத் தீர்த்துவைக்க லாயர் டாவியா என்று ஒருவர். நீதிமன்றத்தில் பியூனாக இருந்து, வெளியே வரும்போது எப்படியோ ஒரு கறுப்புக் கோட்டைத் தேற்றிக்கொண்டு வந்தவர். அவரைத் தீர்த்துவைக்க அவர் மனைவி மேடம் எசாபா. லாயராக நடித்தவர் எக்கோ பைடூ. மேடம் எசாபாவாக நடித்தவள் எஃபுவா க்ரென்ட்சில். தெருவுக்கு ஒரு டிவி இருந்த காலம். அந்த வீட்டு சன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தவர்களெல்லாம் இன்று மந்திரிகளாகவும் பேராசிரியர்களாகவும் இருக்கிறார்கள். சிலர் இன்னும் சன்னலில்தான் தொங்குகிறார்கள்.

அந்த வருஷம் கடைகளில் சோப்பு இல்லை, பால்பவுடர் இல்லை, சர்க்கரை இல்லை. வரிசை மட்டும் தாராளமாக இருந்தது. நான் முற்றத்தில் துணி துவைக்கும் காட்சி ஒன்று எழுதினேன். தொலைக்காட்சி நிலையத்தில் வசனத்தைப் படித்து ஒப்புதல் தரும் அதிகாரி கூப்பிட்டனுப்பினார்.

"இதுல சோப்புன்னு வருதே?"

"துணி தொவைக்கறாங்க சார்."

"தொவைக்கட்டும், யாரு வேணாம்னா? சோப்புன்னு சொல்லக் கூடாது. ஜனங்களுக்கு ஞாபகம் வந்துரும்."

சோப்பு வந்த இடத்திலெல்லாம் 'அது' என்று மாற்றினேன். ஞாயிறன்று மேடம் எசாபா இடுப்பில் கைவைத்து, "யாருடி என் அத எடுத்தது? நேத்து இந்தக் கல்லு மேலதான் வெச்சேன். உள்ளங்கை அகலம் இருந்துச்சு. பாவிங்களா, மோந்து பாத்துட்டாவது குடுங்கடி!" என்று முற்றத்தைச் சுற்றி வந்தாள். நாடு விழுந்து விழுந்து சிரித்தது. மறுநாள் சந்தையில் பெண்கள் கடைக்காரர்களிடம், "அது வந்திருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அந்த அதிகாரிக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

(* ஆய்வு மாணவர்கள் இந்த இடத்தில் 'சமூக விமர்சனம்' என்று அடிக்கோடு போடுவார்கள். போன மாதம்கூட ஒரு பெண் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்து, அந்தக் காட்சியில் அதிகாரத்தை எப்படிக் கட்டுடைத்தீர்கள் என்று கேட்டாள். நாங்கள் எதையும் உடைக்கவில்லை, தாயே. எங்களிடமும் சோப்பு இல்லை.)

3

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் உடல் அவருடைய தாய்வழிக் குலத்துக்குப் போய்ச் சேரும். என்றைக்கு அடக்கம், என்ன துணி, யார் எங்கே உட்கார வேண்டும், எல்லாம் குலத் தலைவர் வாயிலிருந்து வர வேண்டும். கூட வாழ்ந்த மனைவிக்குப் பக்கத்து வீட்டுக்காரியைவிட ஒரு படி மேலான இடம். அந்த ஒரு படிதான் நாற்காலி. சவப்பெட்டியின் தலைமாட்டில், எல்லோரும் பார்க்கும்படி, மனைவிக்கென்று ஒரு நாற்காலி போடுவார்கள். வந்தவர்கள் கை குலுக்கி ஆறுதல் சொல்வது அதில் இருப்பவரிடம்தான். எக்கோவின் மனைவி ஆராபாவுக்கு அவர் சாவில் மிஞ்சியிருந்தது அந்த நாற்காலி ஒன்று. அதுவும் போஸ்டரில் போயிற்று.

போஸ்டர் அடிக்கப் போன இடத்தில் அச்சகக்காரர் 'ஒரு குழாய் வீடு' பைத்தியம். கறுப்புக் கோட்டில் லாயர் டாவியா, பக்கத்தில் இடுப்பில் கைவைத்த மேடம் எசாபா, இந்தப் பழைய படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாகப் போட்டார். "மனைவி பேரு என்னங்கய்யா?" என்று குலத் தலைவரிடம் கேட்டார். குலத் தலைவர் எசெல், நல்ல மனிதர்தான், யோசிக்காமல் "மேடம் எசாபா" என்றார். அந்த நொடியில் வேறு பெயர் வரவில்லையாம். சந்தைச் சுவரில், பஸ் நிலையத்தில், தேவாலயக் கதவுக்குப் பக்கத்தில் எல்லாம் அது ஏறிவிட்டது. 'துயருறும் மனைவி: மேடம் எசாபா.' உலகத்தில் இல்லாத ஒருத்தி விதவையாகிவிட்டாள்.

ஆராபா என்னையும் இழுத்துக்கொண்டு எசெல் வீட்டுக்குப் போனார். அப்பா என்ற மரியாதையில் ஊரே அவரை எஜ்யா என்றுதான் கூப்பிடும்.

"எஜ்யா, நான் யாரு?"

"என்னம்மா கேள்வி இது. நீ ஆராபா."

"எக்கோவுக்கு நான் யாரு?"

"பொண்டாட்டி."

"அப்போ செவுத்துல ஒட்டியிருக்கறது?"

பெரியவர் தொண்டையைச் செருமினார். "அதுவும் பொண்டாட்டிதான். நீ வீட்டுப் பொண்டாட்டி. அவ நாட்டுப் பொண்டாட்டி."

"கிழிச்சிட்டு வேற ஒட்டுங்க."

"சாவுப் போஸ்டரக் கிழிச்சா அடுத்த சாவு விழும்மா. இந்தக் குலத்துல மூத்தவன் நான். விழுந்தா எம்மேலதான் விழும்."

"சரி, போஸ்டர் கெடக்கட்டும். நாற்காலி?"

இதற்குத்தான் அவர் பயந்துகொண்டிருந்தார் என்று முகத்திலேயே தெரிந்தது. விசிறியை எடுத்து எனக்கு வீசினார், ஏனென்று தெரியவில்லை.

"இங்க பாரு ஆராபா. ஊரு ஊரா பஸ்ஸு புடிச்சு வராங்க. மேடம் எசாபா அழுவறதப் பாக்க வராங்க. நாற்காலியில உன்னப் பாத்தா என்ன நெனைப்பாங்க? யாருடா இந்தம்மான்னு கேப்பாங்க. லாயர் டாவியா சின்ன வீடு வெச்சிருந்தாருன்னு பேசுவாங்க. அந்த மனுஷனுக்குச் செத்தப்பறம் இந்தக் கெட்ட பேரு தேவையா?"

சின்ன வீடு! அந்த மனிதருக்கு வாழ்நாள் முழுக்கக் கூழ் காய்ச்சிய பெண். எனக்கு அந்த விசிறியைப் பிடுங்கி உடைக்கலாம் போல் இருந்தது. [உடைத்ததாக ஒரு வரைவில் எழுதினேன். நன்றாக இருந்தது. பொய்.]

பெரியவர் தீர்ப்புச் சொன்னார். "நாற்காலி எஃபுவாவுக்கு. பேச்சு உனக்கு. ரைட்டரம்மா நல்லா எழுதிக் குடுக்கும். அதுல நீ யாருன்னு நிரூபிச்சுக்க."

ஆக, எக்கோ பைடூவின் மனைவி தான்தான் என்பதை ஆராபா ஒரு தேவாலயம் நிறைந்த கூட்டத்துக்கு ஒரே ஒரு உரையில் நிரூபிக்க வேண்டும். அதை எழுதும் வேலை எனக்கு.

4

எஃபுவா க்ரென்ட்சிலை இந்தக் கதையின் வில்லியாக வைப்பதாகத்தான் இருந்தேன். இன்னொருத்தியின் நாற்காலியில் உட்காரச் சம்மதித்தவளை வேறு என்ன செய்வது? முதல் வரைவில் அவளுக்குச் சிவப்பு உதட்டுச் சாயம் பூசியிருந்தேன். எங்கள் நாடகங்களில் வில்லிக்கு அதுதான் சீருடை.

நாலு கேள்வி கேட்டு மூக்கை உடைத்துவிட்டு வரலாம் என்று அவள் வீட்டுக்குப் போனேன். புளித்த சோள மாவில் அவித்த கென்கி உருண்டையும் பொரித்த மீனும் மிளகாய் அரைத்ததும் கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டே ஒருத்தியை வில்லியாக்குவது கஷ்டம்.

"மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே எஃபுவா?"

"சொல்லலாம்." முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லிட்டு எங்க போய் நிக்கறது? சந்தைக்குப் போனா தக்காளிக்காரி, 'லாயருக்கு ஒடம்பு எப்படி இருக்கு?'ங்கறா. ஆஸ்பத்திரிக்குப் போனா டாக்டரும் அதையேதான் கேக்கறான், என் முட்டியப் பாக்காம. ஒரு காலத்துல தகோராடியிலேருந்து ஒருத்தன் என்னக் கட்டிக்கறேன்னு வந்தான். மரக்கடை வெச்சிருந்தான். நல்ல மனுஷன், கை பெருசு பெருசா இருக்கும். திடீர்னு வரவே இல்ல. என்னடான்னு ஆள் விட்டுக் கேட்டா, 'லாயர் மனசு கஷ்டப்படும்'னானாம்."

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

"கட்டுன புருஷன் செத்தா ஆராபாக்கா விதவை. கட்டாத புருஷன் செத்தா எனக்கு என்ன பேரு ரைட்டர்? நீதானே எல்லாருக்கும் பேரு வெச்ச. இதுக்கும் ஒண்ணு வெய்யி."

எனக்கு வரவில்லை. மீன் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக உதட்டுச் சாயத்தைத் துடைத்துவிட்டேன்.

5

இரங்கலுரை, முதல் வரைவு: "என் அன்புக் கணவர் எப்போதும் சிரித்த முகத்துடன்"

"யாரு இது?" என்றார் ஆராபா.

இரண்டாம் வரைவு: "ஊரில் எங்கே சண்டை நடந்தாலும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு முதல் ஆளாக"

"இது லாயர் டாவியா. எங்க வீட்டுல கறுப்புக் கோட்டே கெடையாது. மழைக்கோட்டுகூடக் கெடையாது."

மூன்றாவதின் கதியை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

என் கஷ்டம் என்னவென்றால், எக்கோவை நினைத்தாலே என் வசனங்கள்தான் வருகின்றன. அவர் சொன்னது எது, நான் சொல்லவைத்தது எது என்று பிரிக்க முடியவில்லை. பழைய பகுதிகளைப் பார்த்தாலாவது ஏதாவது பிடிபடும் என்று நினைத்தேன். நிலையத்தில் ஒன்றும் மிச்சமில்லை, அந்த நாடாக்களின் மேலேயே கால்பந்தைப் பதிவு செய்துவிட்டார்கள். யாரோ ஒரு புண்ணியவான் அன்றைக்கு வீட்டில் பதிவுசெய்து வைத்திருந்ததை இப்போது இணையத்தில் ஏற்றியிருக்கிறார். ஒரு மத்தியானம் ஆராபாவின் சமையலறையில் மரவள்ளி மாவு டப்பாவின்மேல் என் போனைச் சாய்த்துவைத்து இருவரும் பார்த்தோம்.

வரிசைப் பகுதி வந்தது. லாயர் டாவியா தெருவில் ஒரு வரிசையைப் பார்க்கிறார், உடனே போய் நிற்கிறார். நின்றபிறகுதான் எதற்கு வரிசை என்று கேட்கிறார். "தெரியாது, முன்னாடி கேளுங்க" என்கிறார் முன்னால் நிற்பவர். அவருக்கு முன்னால் இருப்பவருக்கும் தெரியாது. லாயருக்கு அவசரமாக ஒதுங்க வேண்டியிருக்கிறது. தன் இடத்தில் ஒரு கல்லை வைத்து, "இந்தக் கல் என் சட்டபூர்வப் பிரதிநிதி. இதை மிதித்தால் வழக்குப் போடுவேன்" என்று அறிவித்துவிட்டுப் போகிறார். திரும்பி வந்தால் கல் வெகுதூரம் முன்னேறியிருக்கிறது. அவரை யாரும் உள்ளே விடவில்லை. கல்லை அவர்களுக்குத் தெரியும், இவரைத் தெரியாதாம். கடைசியில் கல் வாங்கிக் கொடுத்த பொருளோடு லாயர் வீட்டுக்கு வருகிறார். சைக்கிள் பம்பு.

மேடம் எசாபா இடுப்பில் கைவைத்தாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, பின்னாலிருந்து ஆராபா அதே ஏற்ற இறக்கத்தில் சொன்னார்:

"சைக்கிளே இல்லாத வீட்டுக்கு சைக்கிள் பம்பா? இனி உன் மூளைக்குத்தான்யா காத்தடிக்கணும்!"

என்ன பெருமையாக இருந்தது தெரியுமா எனக்கு! "எல்லாம் மனப்பாடமா வெச்சிருக்கீங்களே அக்கா!" என்றேன், பூரித்துப்போய்.

ஆராபா என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுந்து உள்ளே போனார். தட்டுமுட்டுச் சாமான்களை உருட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து மேசைமேல் ஒன்றை வைத்தார். துருப்பிடித்த சைக்கிள் பம்பு.

"இந்த வீட்டுல சைக்கிள் இருந்ததே இல்ல ரைட்டர்."

(* இந்த இடத்தில் வாசகர் ஒரு நிமிஷம் நிறுத்தி என் முகத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். நான் எழுதப்போவதில்லை.)

ஒத்திகைக்கு எக்கோ எப்போதும் முதல் ஆளாக வந்துவிடுவார். என் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "ரைட்டர், எனக்கு ஒரு யோசனை, மேடம் எசாபா இப்படிச் சொன்னா எப்படி இருக்கும்?" என்பார். எவ்வளவு கற்பனை வளம் இந்த மனிதருக்கு என்று நானும் வியந்து எழுதிக்கொள்வேன். எழுதிய பிறகு அது நான் எழுதியதாகிவிடும்.

"அப்போ மேடம் எசாபா பேசுனதெல்லாம்?"

"நான் திட்டுனதுதான். எல்லாம் இல்ல. அந்த சோப்பு உன்னுது. மத்ததெல்லாம் இந்த அடுப்படியில நின்னு நான் அந்த மனுஷனத் திட்டுனது. ஞாயித்துக்கெழம பாத்தா அவ வாயில வரும். ஊரே கைதட்டும்."

"உங்களுக்குக் கோவம் வரலியா?"

"வராம? மொதத் தடவ கரண்டிய எடுத்து வீசுனேன். அதையும் உங்கிட்ட வந்து சொல்லி, அதுவும் வந்துச்சு டிவியில. அப்புறம் என்ன பண்றது?" ஆராபா பம்பின் பிடியை இழுத்துப் பார்த்தார், வரவில்லை. "நல்லாத் திட்ட ஆரம்பிச்சேன். சுமாராத் திட்டுனா வராது பாரு. வராத வாரம் அவமானமா இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி நல்லாத் திட்டுவா, அவளுது வந்துருமோன்னு வேற பயம்."

நான் சிரிக்கலாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். ஆராபாவே சிரித்தார்.

"அந்த மனுஷன் சாமான் வாங்கப் போனா ஒழுங்கா ஒண்ணு வாங்கிட்டு வந்தது கெடையாது. இத்தன முட்டாளான்னு தலையில அடிச்சுக்குவேன். இப்போ நெனச்சா வேணும்னேதான் வாங்கிட்டு வந்திருக்கான். திட்டு வாங்க."

போனில் மேடம் எசாபா இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள். ஆராபா அதைக் குப்புறக் கவிழ்த்துவைத்தார்.

"நீ எழுத வேணாம் ரைட்டர். நானே பேசிக்கறேன்."

6

சனிக்கிழமை தேவாலயத்தில் கால்வைக்க இடமில்லை. சன்னல்களில் பழையபடி தொங்கினார்கள். வயதாகி நிறைவாகச் செத்தவருக்கான கறுப்பு வெள்ளைத் துணியில் கூட்டம் அலையடித்தது. தலைமாட்டு நாற்காலியில் எஃபுவா இருந்தாள். ஒவ்வொருவராக வந்து கை குலுக்கி, "தைரியமா இருங்க மேடம் எசாபா" என்று சொல்லிவிட்டு ஒரு படமும் எடுத்துக்கொண்டார்கள். ஆராபா இரண்டாவது வரிசையில், எக்கோவின் அத்தை மகள்களுக்கு நடுவே.

போதகர் பெயரைக் கூப்பிட்டார். ஆராபா வெறுங்கையோடு போய் ஒலிபெருக்கி முன்னால் நின்றார். கூட்டத்தைப் பார்க்கவில்லை. சவப்பெட்டியைப் பார்த்தார். இடுப்பில் கைவைத்தார்.

"நல்லாப் படுத்துக்கிட்ட இல்ல? எப்போ தண்ணி புடிக்கற நேரமோ அப்போ படுக்கறதுதானே உன் பொழப்பு!"

முதலில் ஒருவர் களுக்கென்றார். பிறகு ஒரு வரிசை. பிறகு கூரையே அதிர்ந்தது.

"சைக்கிளே இல்லாத வீட்டுக்கு..." என்றார் ஆராபா.

"பம்பு!" என்றது கூட்டம்.

"உன் மூளைக்குத்தான்யா..."

"காத்தடிக்கணும்!" பாடகர் குழுவும் சேர்ந்துகொண்டது.

எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் சொன்னார்: "அப்படியே மேடம் எசாபா மாதிரியே பேசுதே இந்தம்மா!"

"நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரிஜினல் மாதிரி வராது" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

எசெல் பெரியவர் மகிழ்ச்சியில் கைத்தடியைத் தரையில் தட்டினார். ஆராபா திரும்பினார்.

"நிறுத்துங்க! இது வீடா, சந்தையா?"

"ஒரு குழாய் வீடு!" என்று மொத்தக் கூட்டமும் ஒரே குரலில் கத்தியது. ஒவ்வொரு ஞாயிறும் தொடர் அப்படித்தான் முடியும்.

அப்போது ஆராபா என்னைப் பார்த்தார். ஒரு வரி கொடு என்பது போல. நான் அவசர அவசரமாகத் தேடினேன். கோபத்துக்கு, அழுகைக்கு, கெஞ்சலுக்கு, எதற்கு எடுத்தாலும் அது ஏற்கனவே ஒளிபரப்பானதாக இருந்தது. ஒரு பெண் தன் புருஷனிடம் பேசக்கூடிய அத்தனையையும் ஞாயிற்றுக்கிழமை தோறும் செலவழித்திருந்தோம், எக்கோவும் நானும் சேர்ந்து. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஆராபா இடுப்பிலிருந்து கையை எடுத்தார். குனிந்து சவப்பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். எக்கோவிடம் மட்டும், தணிந்த குரலில், ஒரு வாக்கியம் சொன்னார். ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது.

யாரும் சிரிக்கவில்லை. யாருக்கும் அடுத்த வரி தெரியவில்லை.

7

இங்கிருந்து எப்படி முடிப்பது? மூன்று முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

தொலைக்காட்சி முடிவு: எசெல் பெரியவரின் நாற்காலிக் கால் உடைகிறது. பெரியவர் மல்லாந்து விழுகிறார். ஆராபாவும் எஃபுவாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்குகிறார்கள். சிரிப்பொலி, இசை.

அதிகாரி முடிவு: பெரியவர் எழுந்து, நம் பண்பாட்டில் மனைவியரின் சிறப்பான இடம் குறித்து ஒரு சிற்றுரை ஆற்றுகிறார். எல்லோரும் திருந்துகிறார்கள். ஒரு சொல்லைக்கூட வெட்டாமல் ஒப்புதல் கிடைக்கும்.

பரிசுக்கு அனுப்பும் முடிவு: நாற்காலி காலியாக இருக்கிறது. சன்னல் வழியே மழை வந்து அதன்மேல் விழுகிறது. [அது மழைக்காலமில்லை. தவிர சன்னலில் ஆட்கள் தொங்கிக்கொண்டிருந்தார்கள்.]

நடந்தது இது. எஃபுவா இரண்டு கையையும் ஊன்றி எழுந்தாள். அவள் உதடு அசைந்தது. எந்த வசனத்தையும் ஒருமுறை கேட்டால் சொல்லிவிடுகிறவள், அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்து, முடியாமல் விட்டாள். ஆராபாவிடம் போய் நின்றாள்.

"மத்ததெல்லாம் குடுத்தீங்க, இத எனக்குக் குடுக்கவே இல்லையே அக்கா?"

"இது குடுக்கறதுக்கு இல்ல எஃபுவா."

எஃபுவா நாற்காலியைக் காட்டினாள். ஆராபா தலையசைத்தார். "எனக்கெதுக்கு? முட்டிவலிக்காரி, நீ ஒக்காரு." அவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, நாற்காலியின் முதுகில் கைவைத்துப் பக்கத்தில் நின்றார். அதற்குப்பிறகு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் நின்றிருந்தவரிடம்தான் முதலில் போனார்கள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஆராபா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கேட்டியா?"

"கேட்டேன் அக்கா."

"எழுதிடுவ நீ. உன் விரல் துடிக்கறது தெரியுது."

நான் கையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

"இது ஒண்ணும் புதுசில்ல. அடிக்கடி சொல்லியிருக்கேன் அவன்கிட்ட. சண்டை போட்டு முடிச்சதும் சொல்லுவேன். எல்லாத்தையும் உங்கிட்ட ஓடி வந்து கொட்டுன மனுஷன், இத ஒரு நாளாவது கொண்டாந்தானா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை. இருமலைக்கூட விடாமல் கொண்டுவந்தவர், இதைக் கொண்டுவரவில்லை.

எசெல் பெரியவர் நேற்றும் போன் செய்தார். எடுத்த வீடியோவில் அந்த இடத்தில் மட்டும் ஒலி சரியாக விழவில்லையாம். "எங்காதுலயும் விழுந்துச்சு, வாயில வர மாட்டேங்குது. அந்தம்மா என்னதான் சொல்லிச்சு ரைட்டரம்மா? வருஷ நினைவுப் போஸ்டர்ல பெருசாப் போடலாம்" என்கிறார். கேட்ட யாருக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்கிறேன். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

அதனால் இந்தக் கதைக்கு இருக்க வேண்டிய ஒரே வாக்கியம் இந்தக் கதையில் இல்லை. அதற்கு ஓர் இடம் விட்டிருக்கிறேன்:

[                    ]

உங்கள் வீட்டில், சண்டை ஓய்ந்த பிறகு, உங்களிடம் மட்டும் ஒருவர் சொன்னது ஏதாவது இருந்தால் அதை இங்கே வைத்துப் பாருங்கள். பொருந்தும். மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் எழுதிவிடுவேன்.